பசியாறு, இளைப்பாறு, ரெக்ரியேட்: ஓர் ஆங்கில வினைச்சொல்லை வேர்வரை பார்ப்பது எப்படி?

மலேசியாவின் தோட்டப்புற நகரத்தில் பிள்ளைகள் அடிக்கடி பார்க்கும் மலாய்ப் பெயர்ப்பலகைகளில் ஒன்று 'தாமான் ரெக்ரியாசி'. பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம் வளரும் பிள்ளை "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டால், 'பொழுதுபோக்குப் பூங்கா' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பிழையில்லை. ஆனால் பலகையில் உள்ள சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆங்கில வினை இருக்கிறது: ரெக்ரியேட். அந்த வினையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், பொழுதைப் போக்குவதற்கும் அதற்கும் உள்ள உறவு தூரத்து உறவுதான் என்று தெரியும்.

ஒரு சொல்லின் பொருளையும் பிறப்பையும் தாமே தேடிப் பார்க்க விரும்பும் புதியவர்களுக்கு இந்த வழிகாட்டி. ரெக்ரியேட் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் என்ன செய்வது, எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். இதே முறை வேறு சொல்லுக்கும் ஆகும். ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. அதில் ஒரு சொல்லுக்கு எதிரெதிராக இரண்டு பக்கம். ஆங்கில அகராதி இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே வகையாக இருக்கக்கூடாது. ஒன்று மாணவர்க்கான கற்றல் அகராதி. மற்றொன்று சொல்லின் வரலாற்றையும் தரும் பெரிய அகராதி. மெரியம் வெப்ஸ்டர் அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மலாய்ச் சொல்லுக்கு மலேசிய அரசின் மொழிக் கழகமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணையத் தேடல் இருக்கிறது. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். அதுவும் இணையத்தில் தேடக் கிடைக்கிறது.

ஏன் இரண்டு வகை என்றால், இந்தச் சொல்லில் கற்றல் அகராதி உங்களைக் கைவிடும். அதில் ரெக்ரியேட் என்று தேடினால் பெரும்பாலும் 'முன்பு இருந்த ஒன்றை மறுபடி உருவாக்குதல்' என்ற பொருள் மட்டுமே கிடைக்கும். களைப்பு நீங்கித் தெம்பு பெறுதல் என்ற பழைய பொருள் அங்கே இருக்காது. கற்றல் அகராதி இன்று அதிகம் புழங்குவதை மட்டும் எடுத்துக்கொள்வதே காரணம். புதிதாகத் தேடுகிறவர்களில் பலர் இங்கேயே 'ஓ, இவ்வளவுதானா' என்று நோட்டை மூடிவிடுகிறார்கள்.

முதல் வேலை: வாயால் பிரித்துப் பாருங்கள்

எழுத்தில் ஒரே மாதிரி தெரியும் இது உண்மையில் இரண்டு வினைகள். காதில்தான் வேறுபாடு தெரியும்.

களைப்பாறும் பொருளில் முதல் அசை குறில்: 'ரெக்-ரி-யேட்'. அழுத்தம் 'ரெக்' மேல் விழும். மறுபடி உருவாக்கும் பொருளில் முதல் அசை நெடில்: 'ரீ-க்ரி-யேட்'. அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விடும். அகராதியின் ஒலிக்குறிப்பில் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். அது எந்த அசைக்கு முன்னால் நிற்கிறதோ அந்த அசையில்தான் அழுத்தம். கை தட்டிச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

எழுத்திலும் ஓர் உதவி உண்டு. உருவாக்கும் பொருளில் எழுதும்போது கவனமுள்ளவர்கள் 'ரீ' என்பதற்குப் பின் ஒரு சிறு இணைப்புக் கோடு போடுவார்கள். எல்லோரும் போடுவதில்லை. அதனால் கோடு இருந்தால் உருவாக்குதல் என்று துணிந்து சொல்லலாம். கோடு இல்லாவிட்டால் இன்னதென்று முடிவு செய்ய முடியாது, வாக்கியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நோட்டின் இடப்பக்கத்தில் முதல் வினை, வலப்பக்கத்தில் இரண்டாவது. இனி நாம் நிரப்பப் போவது இடப்பக்கத்தை.

இரண்டாவது: வினை யார்மேல் போகிறது?

அகராதியில் 'வீ, டீ' என்று இரண்டெழுத்துச் சுருக்கம் இருந்தால் செயப்படுபொருள் குன்றா வினை. 'வீ, ஐ' என்றிருந்தால் குன்றிய வினை. இந்தச் சொல் இரண்டாகவும் வரும். பழைய ஆங்கிலத்தில் அது குன்றா வினை: இசை ஒருவரைத் தேற்றும், உணவு ஒருவரைத் தேற்றும், அல்லது ஒருவர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்வார். இன்றைய அமெரிக்க ஆங்கிலத்தில் குன்றிய வினையாகக் கேட்கலாம்: மக்கள் ஏரிக்கரையில் ரெக்ரியேட் செய்கிறார்கள், அவ்வளவுதான், யாரை என்ற கேள்வியே இல்லை. 2020இல் பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் வெளிப்புற இடங்களுக்குப் போகிறவர்களுக்காக நடந்த விழிப்புணர்வு இயக்கத்தின் பெயரே 'ரெக்ரியேட் ரெஸ்பான்சிப்ளி'.

நம் பக்கத்து ஆங்கிலம் பிரிட்டிஷ் வழி வந்தது. இங்கே வினையாக இதை எவரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. பெயர்ச்சொல்லான ரெக்ரியேஷன்தான் புழக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பாடாங் திடலின் ஒரு கோடியில் உள்ள சிங்கப்பூர் ரெக்ரியேஷன் கிளப்பை யூரேசியர்கள் 1883இல் தொடங்கினார்கள். ஆகவே பெயர் நம் ஊருக்குப் பழசு, வினைதான் புதுசு.

இதில் ஒரு நடைமுறை ஆபத்து இருக்கிறது. திடலில் பிள்ளைகள் விளையாட அனுமதி கேட்டு நகராண்மைக் கழகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது, 'ரெக்ரியேட்' என்ற வினைக்குப் பின் 'இன்' என்ற சிற்றிடைச்சொல்லை விட்டுவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். திடலில் இளைப்பாற விரும்புகிறோம் என்பது, திடலையே இடித்துப் புதிதாகக் கட்ட விரும்புகிறோம் என்று ஆகிவிடும். வம்பே வேண்டாம்; 'திடலை ரெக்ரியேஷனுக்குப் பயன்படுத்த விரும்புகிறோம்' என்று பெயர்ச்சொல்லாலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது: சதுர அடைப்புக்குள் என்ன இருக்கிறது?

பெரிய அகராதியில் சொல்லின் பிறப்பு தனிப் பத்தியாகவோ சதுர அடைப்புக்குறிக்குள்ளோ இருக்கும். அதைப் பின்னாலிருந்து முன்னால் படிப்பதுதான் எளிது. கடைசியில் இருப்பது மிகப் பழைய வடிவம்.

ரெக்ரியேட்டுக்குக் கடைசியில் இருப்பது லத்தீன் வினை 'ரெக்ரெயாரெ'. அதை இரண்டாக வெட்டுங்கள். 'ரெ' என்றால் மீண்டும், திரும்ப. 'க்ரெயாரெ' என்றால் தோற்றுவித்தல், ஈன்றெடுத்தல். லத்தீன்காரர்கள் இந்தக் கூட்டுச்சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்தியது நோயாளி தேறுவதற்கு, சோர்ந்தவன் மீள்வதற்கு, உள்ளம் உடைந்தவன் தைரியம் பெறுவதற்கு. விளையாட்டுக்கு அல்ல.

அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் வந்தது பெயர்ச்சொல், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில். வினை அதன்பின் 15ஆம் நூற்றாண்டில். இணைப்புக்கோடு போடும் மற்ற வினை 16ஆம் நூற்றாண்டில், ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்த 'க்ரியேட்'டோடு 'ரீ' சேர்த்துப் புதிதாகக் கட்டியது. ஒரே கல், ஒரே சுண்ணாம்பு, ஆனால் இரண்டு காலத்தில் எழுப்பிய இரண்டு வீடு.

ஆங்கிலத்தில் வந்த முதல் பொருளைக் கவனியுங்கள்: நோயுற்றவருக்குத் தெம்பூட்டுதல், உணவால் உடல் தேறுதல். மலேசியத் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. "பசியாறியாச்சா?" என்று நாம் கேட்பதில் அது அப்படியே இருக்கிறது. இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், பால் மரம் வெட்டி முடித்து, மங்கில் பால் சேரும்வரை உட்கார்ந்து ரொட்டியும் கோப்பியும் சாப்பிடுகிற அந்தச் சிறு இடைவேளைதான் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சொன்ன ரெக்ரியேஷன். நீர்வீழ்ச்சியும் ஊஞ்சலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியும் வினைக்கு முதலில் தரும் பொருள் உழைப்புக்குப் பின் தெம்பூட்டுதல் என்பதே. பெயர்ச்சொல்லுக்கு அவர் தருவதோ உழைப்புக்கோ வலிக்கோ பின் கிடைக்கும் ஆறுதல், துயரத்தின் நடுவே வரும் மகிழ்வு. துயரம் என்ற சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே மலாய்ச் சொல்லைப் பார்க்கும்போது தேவைப்படும்.

நான்காவது: உடன்பிறப்புகளைத் தேடுங்கள்

ஒரு வேரை உறுதிப்படுத்த அதன் உடன்பிறப்புகளைத் தேட வேண்டும். 'க்ரெயாரெ'க்கு லத்தீனிலேயே நெருங்கிய சொல் ஒன்று உண்டு: 'க்ரெஸ்கெரெ', வளர்தல். வளர்பிறையைக் குறிக்கும் க்ரெசென்ட், கூடுதலைக் குறிக்கும் இன்க்ரீஸ் இரண்டும் அந்த வீட்டுப் பிள்ளைகள். ரோமரின் தானிய தெய்வமான செரெஸ் பெயரும், அவள் பெயரால் வந்த சீரியல் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தவை என்பது மொழியியலாளர் கருத்து.

எனவே இந்த வினையின் அடியில் இருப்பது செய்தல் என்பதைவிட வளர்தல். மீண்டும் துளிர்த்தல். ரப்பர்க் காட்டில் இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. உளி சீவிய பட்டை சில ஆண்டுகளில் திரும்ப வளர்ந்து, மறுபடி வெட்டக் கொடுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் மரத்துக்குள் பால் மீண்டும் ஊறும். ஓய்வு கொடுக்காமல் நாள்தோறும் வெட்டிக்கொண்டே போனால் பால் வற்றிப் பட்டை காய்ந்துவிடும். மரத்துக்கு நடுவில் கொடுக்கும் அந்த ஒருநாள் பொழுதுபோக்கு அல்ல. ரெக்ரியேட் என்ற வினையை நினைவில் வைக்க இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம்.

இன்னோர் உடன்பிறப்பு நம்மைச் சற்று நிறுத்தி வைக்கும்: 'ரெக்ரூட்'. ஆள் சேர்த்தல். இது பிரெஞ்சு வழியாக 'ரெ', 'க்ரெஸ்கெரெ' இரண்டும் கூடிப் பிறந்த சொல்; புதுத் துளிர் என்பது அடிப்பொருள். குறைந்துபோன படையில் புது ஆள் முளைப்பதைக் குறித்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் உடல்நலத்தை ரெக்ரூட் செய்வது என்றும் எழுதினார்கள், தேற்றிக்கொள்வது என்ற பொருளில். உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தும்வரை கங்காணிமார் ஊர் ஊராகப் போய்ச் செய்த வேலைக்கும் அந்தச் சொல்தான். நம் முன்னோரைக் கப்பலேற்றிய சொல்லும், துரைமார் கிளப்பின் பெயர்ப்பலகையில் இருந்த சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை.

போலி உறவுகளும் உண்டு. 'ரெக்ரியண்ட்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது, கோழை, நம்பிக்கைத் துரோகி என்று பொருள். பார்வைக்கு நம் சொல்லின் தம்பி போலிருக்கும். அதன் வேரோ நம்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் 'க்ரெடெரெ'. கடன் வாங்கும் க்ரெடிட்டுக்குத்தான் அது உறவு. எழுத்து ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கட்டாதீர்கள். இரண்டு சொல்லுக்கும் பெரிய அகராதியின் பிறப்புப் பத்தியைத் தனித்தனியே பார்த்து, ஒரே லத்தீன் சொல்லில் போய் முடிகிறதா என்று சரிபார்த்த பிறகே நோட்டில் எழுதுங்கள். தமிழில் ஒலி ஒத்த சொல்லைப் பிடித்து 'இதிலிருந்துதான் அது வந்தது' என்று அடித்துச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த ஆசையை இந்தப் பக்கத்தில் கொஞ்சம் அடக்கி வைப்பது நல்லது.

ஐந்தாவது: பலகையில் உள்ள மலாய்

நம் ஊரில் ஆங்கிலச் சொல்லை மலாய்க்குள் வைத்துப் பார்க்காமல் விடக்கூடாது, ஏனென்றால் நாம் அதைச் சந்திப்பதே மலாய் வழியாகத்தான். 'ரெக்ரியாசி' ஐரோப்பியக் கடன்சொல். மலாயில் அதற்கு இணையாக வழங்கும் 'ரியாடா' அரபுச் சொல். பயிற்சி, உடற்பயிற்சி என்பது அதன் மூலப்பொருள், அதனால் ஓட்டமும் நடையும் கலந்த இடத்தில் பொருந்தும். பள்ளியில் மணியடித்ததும் பிள்ளைகள் ஓடும் 'ரேஹாட்' அரபு 'ராஹத்'திலிருந்து வந்தது; நிம்மதி, சுகம். பிரான்சில் அந்த இடைவேளைக்கே 'ரெக்ரெயாசியோன்' என்று பெயர், பிள்ளைகள் சுருக்கி 'ரெக்ரே' என்பார்கள்.

எல்லாவற்றிலும் அழகானது 'லிப்போர்'. கூலிம் மாவட்டத்துச் சுங்கை செடிம் போன்ற இடங்களை 'ஊத்தான் லிப்போர்' என்று சொல்வதுண்டு. ஊத்தான் காடு. லிப்போர் என்றால் துயரை ஆற்றுதல், தேற்றுதல். ஊர் ஊராகக் கதை சொல்லிப் போன பழைய மலாய்க் கதைசொல்லிக்கு 'பெங்லிப்போர் லாரா' என்று பெயர். லாரா என்பது துயரம். ஜான்சன் எழுதிய 'துயரத்தின் நடுவே மகிழ்வு' என்பதும் இதுவும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ரெக்ரியாசியைவிட லிப்போர்தான் ரெக்ரியேட்டின் பழைய பொருளுக்கு நெருக்கம் என்பது எங்கள் முடிவு.

ஆறாவது: தமிழில் எதைப் போடுவது?

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், ஆகட்டும். இடப்பக்கத்தின் கீழே தமிழ்ச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள்.

பொழுதுபோக்கு: நேரத்தைக் கழித்தல். உடல் தேறியதா என்று இது கேட்பதே இல்லை. கேளிக்கை: கொண்டாட்டம், வேடிக்கை. ஓய்வு: வேலை நிற்பது, நின்றால் போதும், தெம்பு வந்ததா என்பது வேறு கணக்கு. இளைப்பாறு: இளைப்பு ஆறுதல். புத்துணர்ச்சி: விளம்பரத்தில் அடிபட்டு அடிபட்டுச் சோப்புக்கும் தேத்தண்ணிக்கும் போய்விட்டது, பாவம்.

'ஆறு' என்ற வினையைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பசியாறும், களைப்பாறும், சூடு ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று தணிகிறது. லத்தீன் வேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. தணிவதை விட்டுவிட்டு வளர்வதைச் சொல்கிறது. அந்தப் பக்கத்துக்குத் தமிழில் 'தேறு' இருக்கிறது. காய்ச்சல் விட்டு உடம்பு தேறும், துக்க வீட்டில் மனம் தேறும். சாவு வீட்டுக்குப் போய் ஆறுதல் தேறுதல் சொல்லிவிட்டு வந்தோம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோமே, அந்த ஜோடிதான் ரெக்ரியேட்டின் முழுப் பொருள்.

ஆனால் இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் எல்லா இடத்திலும் 'தேறு' போட்டுவிடக்கூடாது. வேர்ப்பொருள் வேறு, இன்றைய பொருள் வேறு. வேர் தெரிந்ததும் இன்றைய வழக்கைத் திருத்தக் கிளம்புவது இந்த வேலையில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஐந்து வாக்கியங்களில் பொருத்திப் பாருங்கள்:

பழைய ஆங்கில நூலில் நோயாளியைப் பற்றி வந்தால், 'உடல் தேறினார்'.
பணிக்கு விண்ணப்பிக்கும் பாரத்தில் ஓய்வு நேரத்தில் செய்வதைக் கேட்டால், 'பொழுதுபோக்கு' என்றே எழுதுங்கள். படிக்கிறவர் எதிர்பார்ப்பது அதைத்தான்.
திடலின் பெயரில் வந்தால், 'விளையாட்டுத் திடல்'.
வார இறுதியில் அருவிக்குப் போவதைச் சொல்லும் அமெரிக்க வாக்கியத்தில், 'இளைப்பாறி வருதல்'.
பழைய லயத்து வீட்டை அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டிக் காட்டியதாக வந்தால், அது வலப்பக்கத்து வினை, 'மீட்டுருவாக்கம்'.

நான்கு இடத்தில் நான்கு சொல், ஐந்தாவது வேறு வினையே. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று கட்டாயப்படுத்தும்போதுதான் மொழிபெயர்ப்பு விறைத்துப் போகிறது.

இலங்கை வழக்கைப் படிக்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை. அங்கே 'இளைப்பாறிய ஆசிரியர்' என்றால் பணி ஓய்வு பெற்றவர். மரநிழலில் உட்கார்ந்திருப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்து எடுக்க மூன்று சொற்கள்

கை பழகியதும் இதே வரிசையில் முயல ஏற்றவை: 'லெஷர்', 'ஹாலிடே', 'ஸ்கூல்'. லெஷர் பிரெஞ்சு வழியாக வந்தது; அதன் லத்தீன் வேருக்கு 'அனுமதிக்கப்பட்டிருத்தல்' என்று பொருள். லைசென்ஸ் அதன் உடன்பிறப்பு. துரை கொடுத்தால்தான் லீவு என்றிருந்த காலத்தை நினைத்தால் அது புரிந்துவிடும். ஹாலிடே எளிது, புனித நாள். பதினைந்து நிமிடத்தில் முடியும். ஸ்கூலைக் கடைசியில் எடுங்கள். அதன் கிரேக்க மூலம் 'ஸ்கொலே', பொருள் ஓய்வு. திங்கட்கிழமை காலையில் மட்டும் இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.